ஒரு நாளைக்கு இருபது வசனம்

2019 கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலிசெய்தபோது ஒரு பழைய பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே நான்கு சிடிக்கள். மார்க்கர் பேனாவில் அப்பாவின் கையெழுத்து: பழைய ஏற்பாடு ஒன்று, பழைய ஏற்பாடு இரண்டு, புதிய ஏற்பாடு. நான்காவதில் ‘முழுவதும் – காப்பி’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

அப்பா ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவர். விஜயந்தா டாங்கி உருவான அதே வளாகம்தான். ஆனால் அவருக்கும் டாங்கிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. காலை முதல் மாலை வரை ஆங்கிலத்தில் இண்டென்ட்டும் மெமோவும் அடிப்பார். தமிழ்த் தட்டச்சு அவருடைய சொந்த ஆசை. கல்யாணத்துக்கு முன்பு அம்பத்தூரில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் ஹையர் முடித்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே மேசை விளிம்பில் விரல்கள் ‘யளனக’ அடித்துக்கொண்டிருக்கும். அம்மாவுக்கு அந்தச் சத்தமே ஆகாது.

2006இல் ஓய்வு பெற்றார். நான் இன்ஜினியரிங் சேர்ந்த வருஷமும் அதுதான். எனக்காக வாங்கிய கம்ப்யூட்டரில், நான் கல்லூரிக்குப் போன பிறகு அவர் உட்காருவார். வீட்டில் நெட் கிடையாது. யாரோ ஒருவரிடம் பாமினி எழுத்துரு வாங்கிவந்து, தட்டச்சு இயந்திரத்தின் விரல் பழக்கம் அதில் அப்படியே வருகிறது என்று கண்டுபிடித்து, ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு இருபது வசனம். அதற்கு மேல் அடித்தால் தப்பு வரும் என்பது அவர் கட்சி. புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள், 31,102 வசனங்கள். நாலு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. முடித்த அன்று அம்மா பாயசம் வைத்தாள். நான் அப்போது ஹாஸ்டலில் இருந்து திரும்பி வேலை தேடிக்கொண்டிருந்தேன். “எதுக்குப்பா இதெல்லாம், நெட்ல கிடைக்குமே” என்று ஒரு வார்த்தை சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. சிடியில் போட்டுப் பரணில் வைத்துவிட்டார்.

அந்த ஒரு வார்த்தைதான் ஒன்பது வருஷம் கழித்து டப்பாவைத் திறந்தபோது என்னைக் குத்தியது. அதற்குள் அப்பாவுக்குக் கண்ணில் அழுத்த நோய் வந்து, இடது கண் ஏறக்குறையப் போயிருந்தது. வலது கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் தெரியும். புத்தகம் படிப்பது நின்றுவிட்டது. போன் வாசித்துக் காட்டினால் கேட்பார். நான் மனதில் ஒரு கணக்குப் போட்டேன்: அவர் அடித்ததை அவருக்கே வாசித்துக்காட்டும்படி செய்துவிடலாம். ஒரு வாரயிறுதி வேலை.

ஐந்து வருஷம் ஆனது.

*

முதல் சிக்கல் என் தொழில் சார்ந்தது, அதனால் எளிது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் கணினியை ஏமாற்றும் ஏற்பாடு. உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆதியாகமம் முழுக்க ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்புகளின் வரிசையைத் திருப்ப வேண்டும். பழைய முறையில் கண்ணுக்குத் தெரிகிறபடி கொம்பு முதலில், மெய் பிறகு. யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பிறகு. ‘கொ’ என்பது மூன்று துண்டாகக் கிடக்கும், ஒட்ட வேண்டும். பொது முடக்கத்தில் மூன்று ஞாயிறுகளில் அந்த ஸ்கிரிப்ட்டை எழுதினேன்.

எங்கே போட்டு வாசிக்க வைப்பது என்று தேடியபோது ஸ்வோர்டு திட்டம் கண்ணில் பட்டது. க்ராஸ்வயர் பைபிள் சொசைட்டி என்ற தன்னார்வ அமைப்பு தொண்ணூறுகளிலிருந்து வளர்த்துவரும் திறமூல மென்பொருள். அதன் மேல் பைபிள் டைம், ஆண்ட்ராய்டில் அண்ட் பைபிள் என்று பல செயலிகள் கட்டப்பட்டிருக்கின்றன. செயலி வேறு, நூல் வேறு. ஒவ்வொரு மொழிபெயர்ப்பும் ஒரு தனி மாட்யூல். ஒவ்வொரு மாட்யூலோடும் ஒரு சின்ன உரைக்கோப்பு வரும். அதில் மொழி, பதிப்பு, பிறகு ‘விநியோக உரிமம்’ என்று ஒரு வரி.

அந்த வரியில் எதை வேண்டுமானாலும் எழுத முடியாது. பொதுவெளியில் உள்ளது, கிரியேட்டிவ் காமன்ஸ், வணிகமல்லாத விநியோகத்துக்கு மட்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. பட்டியலில் ஒன்று என்னைக் கொஞ்ச நேரம் நிறுத்தியது: ‘பதிப்புரிமை உண்டு, விநியோகிக்க க்ராஸ்வயருக்கு அனுமதி தரப்பட்டுள்ளது.’ அதாவது அவர்களிடமிருந்து நான் இறக்கிக்கொள்ளலாம், படிக்கலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு நான் எடுத்துக் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை. மென்பொருள் ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது, அதை நான் நகலெடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம். ஆனால் அந்தச் சுதந்திரம் உள்ளே இருக்கும் நூலுக்குத் தானாக வந்துவிடாது. தூக்குச்சட்டி ஊருக்குப் பொது என்பதால் அதில் ஊற்றிய பாலும் பொது ஆகிவிடுமா?

அந்த வரியில் அப்பாவின் நாலு வருஷத்துக்கு நான் என்ன எழுதுவது?

“என்னத்த எழுதணும்? நான்தான அடிச்சேன், நான் சும்மா தாரேன்னு எழுது” என்றார் அப்பா.

*

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்தியாவில் இதை உச்ச நீதிமன்றமே பேசியிருக்கிறது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் மோடக் வழக்கு, தீர்ப்பு 2007 டிசம்பர். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து அச்சிடும் ஒரு நிறுவனம், தன் உழைப்பை வேறு ஒருவர் சிடியில் போட்டு விற்கிறார் என்று வழக்குப் போட்டது. தீர்ப்பின் மூல வாசகம் எல்லோருக்கும் பொது. அதில் எழுத்துப்பிழை திருத்துவது, ஒழுங்குபடுத்துவது போன்ற வேலைகளுக்கு எவ்வளவு பாடுபட்டிருந்தாலும் பதிப்புரிமை பிறக்காது. கொஞ்சமாவது படைப்புத்தன்மை வேண்டும் என்றது நீதிமன்றம். அதே தீர்ப்பு, பத்திகளைப் பொருள் பார்த்துப் பிரித்து எண் கொடுத்ததிலும், எந்த நீதிபதி உடன்பட்டார், எவர் மாறுபட்டார் என்று இனம் பிரித்துக் காட்டியதிலும் அந்த அறிவுழைப்பு இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டது.

வியர்வை போதாது என்பதுதான் சாரம். அப்பாவின் 31,102 வசனங்களில் அப்பாவுக்கு ஒன்றுமில்லை.

அப்படியானால் அந்த வாசகம் யாருடையது? இங்கே கொஞ்சம் பழைய கதை தேவைப்படுகிறது.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கி 1711இல் முடித்தார். அச்சாகி வந்தது 1714–15இல். அவர் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த நடுவில், 1710இல், இங்கிலாந்தில் ஆன் அரசியின் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆசிரியருக்கு உரிமை என்று பேசிய முதல் பதிப்புரிமைச் சட்டமாக அதைத்தான் சொல்வார்கள். தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது; அந்தச் சட்டம் அங்கே எட்டவில்லை. எட்டியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பிறகு சென்னை வேப்பேரியில் இருந்து ஃபப்ரீஷியஸ் அதையெல்லாம் பல ஆண்டுகள் திருத்தித் திருத்தி 1772இல் தன் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். பின்னர் பாளையங்கோட்டை ரேனியஸ் தன் வழியில் திருத்தினார். புது நடை பிடிக்காமல் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார். கடைசியில் ஹென்றி பவர் தலைமையிலான குழு, பல சபைகளும் ஏற்கும்படி ஒரு மொழிபெயர்ப்பை 1871இல் முடித்தது. இன்று வரை புராட்டஸ்டண்ட் சபைகளில் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பது பெரும்பாலும் அந்த மரபுதான். என் தொழிலில் சொன்னால், ஒருவர் வேலையை இன்னொருவர் ஃபோர்க் செய்துகொண்டே வந்த நூற்றைம்பது வருஷம்.

இந்தியச் சட்டப்படி ஆசிரியரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை. முன்பு 50 ஆக இருந்தது. தாகூரின் படைப்புகளுக்குக் காலம் முடிகிற நேரத்தில், 1992இல், 60 ஆக்கினார்கள். எந்தக் கணக்குப் போட்டாலும் 1871 பொதுவெளிக்கு வந்து வெகுகாலமாகிவிட்டது.

நான் நிம்மதியாகி, ‘பொதுவெளி’ என்று வரியை நிரப்பப் போனேன். அப்போதுதான் அப்பா எந்தப் புத்தகத்தைப் பார்த்து அடித்தார் என்று கேட்கத் தோன்றியது.

அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தொண்ணூறுகளில் வாங்கியது. பழைய வாசகம்தான். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் மேலே தடித்த எழுத்தில் தலைப்பு, பக்கவாட்டில் ஒத்த வசனங்கள், ஆங்காங்கே சொற்பொருள். முதல் பக்கத்தில் எல்லா உரிமையும் பதிப்பகத்துக்கே என்ற வழக்கமான வரி. அப்பா மனுஷர் ஒன்றையும் விடவில்லை. தலைப்பு, ஒத்த வசனம், சொற்பொருள் எல்லாவற்றையும் அடித்துவைத்திருந்தார். தீர்ப்பில் நீதிமன்றம் அறிவுழைப்பு என்று எதைச் சொன்னதோ, அதற்குப் பக்கத்தில் நிற்கிற சரக்கு அது.

*

இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் தொடங்கினோம். ஒன்று, பதிப்பகத்துக்கு அனுமதி கேட்டுக் கடிதம். இன்னொன்று, வாசகத்தை ஒரு பழைய அச்சோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. திருநெல்வேலிப் பக்கத்து ஊரிலிருந்து தாத்தா கொண்டுவந்த வேதாகமம் எங்களிடம் இருந்தது. 1930களில் அச்சானது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, னை எல்லாம் துதிக்கையோடு இருக்கும். புதிய அச்சில் யாராவது ஒரு சொல்லை மாற்றியிருந்தால் அதைக் கண்டுபிடித்து, தாத்தாவின் புத்தகத்தில் உள்ளபடி வைப்பது எங்கள் திட்டம்.

சபை வாலிபர்களில் பதினோரு பேர் வந்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் என்னைப் போல ஐடி வேலை பார்க்கிறவர்கள் நாலு பேர், மீதி கல்லூரிப் பிள்ளைகள். தாத்தாவின் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தோம். ஆளுக்கு ஆறு புத்தகம். முதல் கூட்டத்திலேயே ஒரு பெண் கேட்டாள்: “அக்கா, சும்மா பகிரக்கூடிய தமிழ் பைபிள் ஏற்கெனவே இருக்கே. நாம ஏன் இதைச் செய்யணும்?” சரியான கேள்வி. 2019இல் வந்த இந்தியத் திருத்திய பதிப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில்தான் இருக்கிறது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம். நல்ல வேலை அது. அப்பாவுக்கு வேண்டியது அந்த நடை இல்லை, தாத்தா வாசித்த நடை என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் என்னிடம் நியாயம் இல்லை. அவள் சிரித்துக்கொண்டு சங்கீதத்தை எடுத்துக்கொண்டாள்.

பிராஜெக்ட் மதுரையை நினைத்துக்கொண்டேன். 1998 பொங்கலன்று தொடங்கியது. உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த தமிழர்கள் ஆளுக்கொரு நூலைத் தட்டிச் சேர்த்தார்கள். சங்க இலக்கியத்தை நாம் இன்று ஒரு சொல் தேடி எடுக்கிறோமே, அதன் அடியில் யாரோ ஒருவர் வேலை முடிந்து வந்து இரவில் அடித்த விரல் இருக்கிறது. அவர்களுக்கும் அந்தப் பாட்டில் ஓர் எழுத்தும் சொந்தமில்லை.

தன்னார்வலர்களிடம் நான் ஒரு விதி வைத்தேன். திருத்தம் அனுப்பும் ஒவ்வொருவரும் அடியில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: இது நானே செய்தது, அல்லது இதைப் பகிர எனக்கு உரிமை உண்டு. லினக்ஸ் கர்னலில் 2004இலிருந்து இந்த வழக்கம் இருக்கிறது. எஸ்சிஓ என்ற நிறுவனம், தன் நிரல் லினக்ஸுக்குள் களவாக நுழைந்திருக்கிறது என்று வழக்குக்குப் போன பிறகு வந்த ஏற்பாடு. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட ஒரு சீட்டு இருக்க வேண்டும். பிள்ளைகள் அதை ஒரு சடங்குபோல ஒட்டிவிட்டுப் போனார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நான்காவது மாதம், ஒரு தம்பி பவுலின் நிருபங்களுக்கு அடிக்குறிப்புகள் அனுப்பினான். முந்நூற்றுக்கும் மேல். அழகான, செறிவான குறிப்புகள். எனக்குச் சந்தேகம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. சேர்த்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து சங்கீதம் பார்க்கும் அதே பெண் எனக்கு ஒரு புத்தகத்தின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள். விற்பனையில் உள்ள ஒரு படிப்பு வேதாகமத்தின் பக்கம். வார்த்தைக்கு வார்த்தை அதே குறிப்பு.

அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் மறைக்கவே இல்லை. “ஆமாக்கா, அதுலேர்ந்துதான் அடிச்சேன். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து அடிச்சேன். நல்ல விஷயம்தானே, நாலு பேருக்குப் போய்ச் சேரட்டும்னு.” நான் அந்த விதியைக் காட்டினேன். “கடவுளோட வார்த்தைக்கு ஓனர் யாருக்கா?” என்றான். குறிப்பு எழுதியவர் ஒரு மனிதர், அவருக்கும் வீடு வாடகை இருக்கிறது என்றேன். அவன் முகம் மாறிவிட்டது. எல்லோரும் பார்க்கும் பட்டியலில் ‘நீக்கப்பட்டது’ என்று முந்நூறு வரி அவன் பெயரில் விழுந்தது. அதற்கு முன்பு அவனிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. அலுவலகத்தில் தினமும் நீக்குவதுபோல நீக்கிவிட்டேன்.

அவன் அதன் பிறகு வரவில்லை. அப்பா இரண்டு முறை போன் செய்து பேசினார். சபையில் பார்த்தால் வணக்கம் சொல்வான், அவ்வளவுதான். அவன் பெயரை அகரவரிசையில் அதே இடத்தில்தான் இன்னும் வைத்திருக்கிறேன். ரோமரும் கொரிந்தியரும் ஒப்பிட்டுப் பார்த்தவன் அவன்தான். அவனுடைய வாதத்துக்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு என்னிடம் பதில் இல்லை. என் வீட்டிலேயே நாலு வருஷத்துக்குப் பதில் இல்லாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

*

பதிப்பகத்திலிருந்து ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான கடிதம். அப்பாவின் உழைப்பைப் பாராட்டியிருந்தார்கள். எங்கள் செயலியில் தலைப்புகளையும் ஒத்த வசனங்களையும் இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ள ஆட்சேபனை இல்லை என்று இரண்டு வரி. அப்பா அதை அம்மாவை வாசிக்கச் சொல்லி மூன்று முறை கேட்டார். “பாத்தியா, கேட்டா குடுக்காங்க” என்றார்.

எனக்கு ‘உங்கள் செயலியில்’ என்ற சொல் இடித்தது. செயலி எங்களுடையது இல்லை. 2022இல் ஒரு சனிக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனேன். அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி பூந்தமல்லி நீதிமன்றத்தில் வக்கீல். பருத்திப்பட்டு ஏரி தாண்டும்வரை பஸ் ஒழுங்காகப் போனது. பிறகு மெட்ரோ வேலைக்கு ரோட்டைத் தோண்டிப்போட்டதில் நகரவே இல்லை. இறங்கி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

மாமா கடிதத்தை ஒரு தடவை படித்தார். “எத்தனை வருஷத்துக்குன்னு எழுதல. எந்த ஊருக்குன்னும் எழுதல” என்றார்.

“எழுதலன்னா எப்பவும், எங்கயும்னுதான மாமா அர்த்தம்?”

“நம்ம சட்டத்துல நேர்மாறும்மா. பத்தொன்பதாம் பிரிவு. கால அளவு சொல்லலேன்னா அஞ்சு வருஷம். இடம் சொல்லலேன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். உரிமையை எழுதிக் குடுக்கறதுக்கு உள்ள சட்டம்தான், முப்பது-ஏ பிரிவால லைசென்ஸுக்கும் அதே கதைதான்.”

அப்பா குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “அப்ப சிங்கப்பூர்ல இருக்க பெரியவ போன்ல தொறந்தா?”

“சட்டப்படி பாத்தா தலைப்பு இல்லாமத்தான் தொறக்கணும் அத்தான்.”

மூவரும் சிரித்துவிட்டோம். பிறகு நான் விஷயத்தைச் சொன்னேன். ஐந்து வருஷம், இந்தியா என்பதுகூட இரண்டாவது சிக்கல். திறமூலத்தில் கொடுக்கும் அனுமதி அடுத்த ஆளுக்கும் போக வேண்டும். நான் வாங்கியதை நீ எடுத்துக்கொள்கிறாய், நீ மாற்றி இன்னொருவருக்குத் தருகிறாய், அவரும் எங்களில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இந்தக் கடிதம் எங்களோடு நின்றுவிடுகிறது. பதிப்பகத்தார் நல்ல மனதோடு கொடுத்தது உண்மை. எங்களுக்குக் கொடுத்தார்கள். ஊருக்குக் கொடுக்கவில்லை. அப்படிக் கேட்டு நாங்கள் எழுதவும் இல்லை.

திரும்பி வரும்போது அப்பா வெகுநேரம் பேசவில்லை. ஆவடி நெருங்கும்போது, “எல்லாத்தையும் எடுத்துரு” என்றார்.

“மறுபடி எழுதிக் கேக்கலாம்ப்பா. சரியா எழுதி.”

“வேண்டாம். அவங்க புஸ்தகத்தை வித்துத்தான் ஆபீஸ் நடத்துதாங்க. அவங்கள எதுக்குச் சங்கடப்படுத்தணும். எடுத்துரு.”

அன்று இரவே எடுத்தேன். தலைப்புகளையும் ஒத்த வசனங்களையும் சொற்பொருளையும் நீக்க ஒரு கட்டளை போதுமாயிருந்தது. ஒரு நொடிகூட ஆகவில்லை. அவற்றை அடிக்க அப்பாவுக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று நான் கணக்குப் போடவில்லை.

*

தலைப்பில்லாத வேதாகமத்தை போன் வாசிக்க, அப்பா கேட்டார். ஒரு வாரம் கழித்து, “எங்க இருக்கோம்னே தெரிய மாட்டேங்கு” என்றார். கண்ணால் படிப்பவருக்குப் பக்கம் இருக்கிறது. காதால் கேட்பவருக்குத் தலைப்புதான் மைல்கல். அது இல்லாமல் லேவியராகமத்துக்குள் போனால் திரும்பி வர முடியாது.

“நீங்களே சொல்லுங்கப்பா, நான் அடிக்கிறேன்” என்றேன்.

2023இல் நாலு மாதம், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு. போன் ஒரு அதிகாரம் வாசிக்கும். அப்பா கண்ணை மூடிக் கேட்பார். பிறகு ஒரு தலைப்புச் சொல்வார். அதிகாரத்துக்கு ஒன்று, ஒரு நாளைக்குப் பத்து, மொத்தம் 1,189. முதல் நாள் புத்தகத்தில் பார்த்த பழைய தலைப்புகளே அவர் வாயில் வந்தன. “அது அவங்களது, அழி” என்று அவரே சொன்னார். போகப்போகத் தட்டச்சர் பேச ஆரம்பித்தார். இருபத்தேழு வருஷம் கோப்புகளுக்குப் பொருள் வரி அடித்த மனிதர். நோவாவின் பேழை அளவுகள் வரும் அதிகாரத்துக்கு ‘வேலை உத்தரவு’ என்றார். எண்ணாகமத்தின் கணக்கெடுப்புக்கு ‘ஆள் பட்டியல்’. யோபுவின் நண்பர்கள் வந்து ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அதிகாரத்துக்கு மட்டும் வெகுநேரம் யோசித்து, ‘கூட இருந்தார்கள்’ என்றார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

மோடக் தீர்ப்பை வைத்துப் பார்த்தால், 78 வயதில் அப்பாவுக்கு முதன்முதலாகப் பதிப்புரிமை பிறந்திருக்கிறது. நாலு வருஷம் ராப்பகலாக அடித்ததில் கிடைக்காதது, நாலு மாதம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னதில் வந்தது. இந்தத் தடவை அடித்தவள் நான். எனக்கு அதில் ஒன்றுமில்லை.

உரிமம் என்ன போடுவது என்று கேட்டேன். “பேரு கீரு வேண்டாம். ஒண்ணும் வேண்டாம்னு எழுதிரு.” அதற்கும் வழி உண்டு. 21ஆம் பிரிவின்படி ஆசிரியர் தன் உரிமையைப் பதிவாளருக்கு எழுதியோ, 2012 திருத்தத்துக்குப் பிறகு பொது அறிவிப்பாலோ துறந்துவிடலாம். சொன்னேன்.

“துறந்துட்டா யாரு வேணாலும் எடுக்கலாம்?”

“எடுக்கலாம்.”

“எடுத்து அச்சடிச்சு, கொஞ்சம் மாத்தி, எல்லா உரிமையும் எனக்கேன்னு மொத பக்கத்துல போடலாமா?”

“அவங்க மாத்தின வடிவத்துக்குப் போடலாம்ப்பா. தடுக்க முடியாது.”

யோசித்தார். இன்னொரு வழி இருக்கிறது என்றேன். உரிமையை நீங்களே வைத்துக்கொண்டு, யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம், ஆனால் உங்கள் பெயரைச் சொல்லி, இதே நிபந்தனையில்தான் அடுத்தவருக்குத் தர வேண்டும் என்று எழுதலாம். கிரியேட்டிவ் காமன்ஸில் அதே மாதிரிப் பகிர்தல் என்பது அதுதான்.

“அப்ப குடுக்கணும்னாலும் மொதல்ல கையில வச்சிருக்கணும்.”

“ஆமாப்பா.”

“சரி, வச்சுக்கிடுதேன்” என்றார்.

அந்த உரைக்கோப்பில் இப்போது இரண்டு செய்தி இருக்கின்றன. வாசகம்: பொதுவெளி. தலைப்புகள்: அப்பாவின் பெயர், வருஷம், உரிமம். அடியில் ஒப்பிட்டுப் பார்த்த பதினோரு பேர். தட்டச்சு செய்தவர் என்று ஒரு தனி வரியும் சேர்த்தேன். சட்டம் அதைக் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் எழுதத் தடையில்லை.

போன மாதம் ஒரு ராத்திரி. ஹாலில் போன் வாசித்துக்கொண்டிருந்தது. அப்பா என் அறை வாசலில் வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏட்டி, ரெண்டாம் நாளாகமத்துல ஒரு தலைப்புல ஒற்று விட்டுப்போச்சு. காதுல உறுத்துது. அது என்னோடதுதான, மாத்திக்கிடலாம்லா?”

“மாத்தலாம்ப்பா. இப்ப யாரு வேணாலும் மாத்தலாம்.”

ஒரு நிமிஷம் நின்றார்.

“அப்ப இப்பவே மாத்து. வேற யாரும் முந்திக்கிடப் போறாங்க.”